விராலடிப்பான் வீட்டில் சாப்பாட்டு நேரம்

ஸ்காட்லாந்தின் விராலடிப்பான் கூட்டை இணைய நேரலையில் பார்க்கிறேன். எப்போது திறந்தாலும் பறவை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. குஞ்சுகளை எப்போது பார்க்கலாம்?

மே கடைசி வாரம் வரை பொறுத்திருங்கள். அசையாமல் இருக்கும் பறவை அடைகாக்கிறது. ஏப்ரலில் இடும் முட்டைகள் பொரிக்கச் சுமார் 37 நாளாகும்.

ஜூன்தான் கொண்டாட்டம். அங்கே விடியும் 4.30 மணி, இந்தியாவில் காலை 9 மணி. இரவு 10 மணி வரை அங்கே வெளிச்சம் இருப்பதால், உங்கள் பகல் முழுக்க நேரலை உங்களுக்குத்தான். ஒலியை வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். தாய் விடாமல் கத்தினால் ஓடி வாருங்கள். ஆண் மீனோடு வருகிறது! பெரும்பாலும் தலையைத் தின்றுவிட்டு மீதியைத்தான் கொண்டுவரும். தாய் அதைக் கிழித்துச் சின்னச் சின்னத் துண்டாக ஊட்டும்.

ஒரு குஞ்சு மட்டும் சிறிதாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். முட்டைகள் சில நாள் இடைவெளியில் பொரிப்பதால் வரும் வித்தியாசம் அது. மீன் தாராளமாகக் கிடைத்தால் மூத்தவை உண்டபின் கடைக்குட்டிக்கும் வயிறு நிறையும்.

கூடு தேடுகிறவர்களுக்கு லாக் ஆஃப் த லோஸ் ஏரி நல்ல தேர்வு. ஸ்காட்டிஷ் வைல்ட்லைஃப் டிரஸ்ட் அங்கே கேமரா வைத்திருக்கிறது. ‘லேடி’ என்று ரசிகர்கள் கொண்டாடிய பெண் பறவை 2014 வரை வந்து, 50 குஞ்சுகளைப் பறக்கவிட்டது அந்த ஏரியில்தான்.

ஜூலையில் குஞ்சுகள் பறக்கத் தொடங்கும். பறந்த பிறகும் சில வாரம் சாப்பாட்டுக்குக் கூட்டுக்கே வரும் என்பதால், ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தொடர்ந்து பாருங்கள். அதன்பின் அவை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடும்.