தோலுக்குள்ளே ஒரு முப்புரிக் கயிறு

(இரண்டாம் ஆண்டு மாணவர், தோல் தொழில்நுட்பப் பிரிவு)



"தோல் பிரிவா? நாத்தம் தாங்குவியா?" என்று என்னிடம் கேட்காதவர்கள் நம் விடுதியில் குறைவு. நான் தரங்கம்பாடி மீனவர் வீட்டுப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். நாத்தம் எனக்குப் புதுசு இல்லை.

என் அப்பாவுக்கு வலது ஆள்காட்டி விரல் மடங்காது. நான் எட்டாவது படிக்கும்போது கடலில் பெரிய வஞ்சிரம் ஒன்று இழுத்த இழுப்பில் தங்கூசி விரலை அறுத்துவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். பதினைந்து நாளில் புண் ஆறிவிட்டது. ஆனால் விரல் மட்டும் நீட்டியபடியே நின்றுவிட்டது. "புண்ணுதான் ஆறிடுச்சே தம்பி, அப்புறம் ஏன் மடங்கல?" என்று அப்பா அடிக்கடி கேட்பார். போன வருடம் ஆய்வகத்தில் நுண்ணோக்கியைப் பார்த்தபோதுதான் எனக்குப் பதில் கிடைத்தது.

மேல்தோல்

சாயமேற்றிய ஆட்டுத்தோல் சீவலைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தோம். மேலே மெல்லியதாக ஒரு பட்டை. அதுதான் மேல்தோல். இதில் இரத்தக் குழாய் கிடையாது. அடிவரிசைச் செல்கள் பிரிந்து பெருகி, மேலே மேலே தள்ளப்பட்டு, கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து, செத்த செதில்களாக உதிர்கின்றன. மனிதத் தோலில் இந்தப் பயணத்துக்குச் சுமார் 4 வாரம் ஆகும். உராய்வு அதிகமான இடத்தில் செத்த அடுக்கு தடித்துப்போகும். துடுப்பும் கயிறும் பிடித்த கையில் காய்ப்பு வருவது இதனால்தான்.

தோல் பதனிடும்போது சுண்ணாம்பில் ஊறவைத்து முடியையும் மேல்தோலையும் நீக்கிவிடுவோம். நாம் போடும் செருப்பு அதற்கு அடியில் உள்ள அடித்தோல்தான்.

இணைப்புத் திசு

அடித்தோல் முழுக்க இளஞ்சிவப்பாக இழைகள், பின்னிக் கிடக்கும் வலை மாதிரி! இந்த இழைகள்தான் கொலாஜன். எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்குவதற்காகத் தோலில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. தசையை எலும்போடு கட்டும் தசைநாணில் இதே இழைகள் ஒரே திசையில் வரிசையாக நிற்கும். ஏனென்றால் அங்கே இழுவிசை ஒரே திசையில்.

இந்தக் கொலாஜனின் வடிவத்தை உலகத்துக்குச் சொன்னது நம் சென்னை! சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக்குக் கங்காரு வால் தசைநாணைக் கொடுத்து உதவியது அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிய முப்புரி அமைப்பு. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கும். நடுவில் உள்ள சின்ன இடத்தில் அடங்கக்கூடிய அமினோ அமிலம் அது ஒன்றுதான். இதைப் படித்தபோது எனக்கு அப்பா முறுக்கும் முப்புரிக் கயிறுதான் ஞாபகம் வந்தது.

கொலாஜன் உறுதியாக அமைய வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல்தான் அந்தக் காலக் கப்பல்காரர்கள் ஈறு அழுகி, பழைய புண் பிரிந்து செத்தார்கள். நெல்லிக்காயும் கொய்யாவும் நமக்குச் சும்மா கிடைக்கிறது, தோழர்களே!

தசை

தசையை நுண்ணோக்கியில் பார்த்தால் வரிவரியாகத் தெரியும். ஒரு வரிக்கட்டின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். அதில் மயோசின் என்னும் தடித்த இழையும் ஆக்டின் என்னும் மெல்லிய இழையும் உண்டு. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நுழைவதால்தான் தசை சுருங்குகிறது. இழைகள் குட்டையாவதில்லை. இந்தக் கருத்தை இங்கிலாந்தின் ஹக்ஸ்லி என்ற பெயருள்ள இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனிக் குழுவாகச் சொன்னதும் அதே 1954-இல்தான்.

அப்பாவின் விரல்

இப்போது உங்கள் முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்குங்கள். முன்கையில் அசைவு தெரிகிறதா? விரலுக்குள் தசையே இல்லை. முன்கைத் தசை, நீண்ட தசைநாண் வழியாக விரலை இழுக்கிறது. தங்கூசி அறுத்தது தோலை மட்டும் அல்ல, அந்த நாணையும்தான். மேல்தோல் வளர்ந்து மூடிக்கொண்டது. ஆனால் அறுந்த நாணைத் தசை மேலே இழுத்துக்கொண்டதால் இரண்டு முனையும் சேரவே இல்லை. முதல் சில நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்திருந்தால் சேர்த்திருக்கலாம். எங்களுக்கு அன்று அது தெரியாது.

பொங்கல் விடுமுறையில் அப்பாவிடம் படம் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உள்ளே கயிறு அறுந்திருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே தம்பி" என்றார். பிறகு படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நண்பர்களே! நாம் பட்டறையில் தகடு வெட்டுகிறோம், கடைசல் இயந்திரம் ஓட்டுகிறோம். கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் நின்றதா என்று மட்டும் பார்க்காதீர்கள். விரல் மடங்குகிறதா, நீள்கிறதா, நுனியில் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மேலே ஆறுவது வேறு, உள்ளே சேருவது வேறு.