வேலையை இப்போதைக்கு விடாதே

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய கார்ட்டூன் தொடரைப் படித்தேன். நாளிதழில் தினமும் வரைவதையே பிழைப்பாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். உன்னால் முடியும் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு முன் ‘பீநட்ஸ்’ வரைந்த சார்லஸ் ஷூல்ஸைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்.

அஞ்சல்வழி ஓவியப் பள்ளி ஒன்றில் மாணவர் படங்களைத் திருத்தும் வேலை பார்த்துக்கொண்டே செயின்ட் பால் நகரப் பத்திரிகைக்கு வரைந்தவர் அவர். 1950 அக்டோபர் 2 அன்று ‘பீநட்ஸ்’ ஏழே நாளிதழ்களில் தொடங்கியது. அந்தப் பெயரை வைத்தது, தொடரை வாங்கிப் பத்திரிகைகளுக்கு விற்ற சிண்டிகேட். ஷூல்ஸுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. ஆகவே ஒப்பந்தத்தை வரி விடாமல் படி. பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம், பொம்மையாகச் செய்து விற்கும் உரிமை யாருக்கு என்று பார். புரியாத இடத்தை வக்கீலிடம் காட்டு. ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ வரைந்த பில் வாட்டர்சன், தன் பாத்திரங்கள் பொம்மையாகக் கூடாது என்று சிண்டிகேட்டோடு பல வருடம் மல்லுக்கட்டித்தான் ஜெயித்தார். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஷூல்ஸ் பொம்மைகளுக்குச் சம்மதித்தார். ஆனால் பேனாவை யாரிடமும் கொடுக்கவில்லை. யோசனை, படம், மை, எழுத்து எல்லாம் அவரே. 17,897 கார்ட்டூன்கள்! 1981இல் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கை நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கத்தோடேயே வரைந்தார். அவருடைய கடைசிக் காலப் படங்களைத் தேடிப் பார். கோடு நெளியும், ஆனால் அவருடைய நாய் ஸ்னூப்பி ஸ்னூப்பியாகவே இருப்பான். எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

இத்தனை நாளுக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது? பள்ளி ஆண்டுமலர் அவர் படங்களைப் போடவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்ட பெண் மறுத்துவிட்டாள். அந்தத் தோல்விகளெல்லாம் ‘பீநட்ஸ்’ நாயகன் சார்லி பிரவுனுக்குள் போய்ச் சேர்ந்தன. உன் தொடரில் பூனை சொல்லும் ஜோக்குகளை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறது. அதில் வரும் தாத்தா மட்டும் நிஜம். அவரை நீ கூடவே இருந்து பார்த்திருக்கிறாய். பூனையைக் குறைத்துக்கொண்டு அவரைப் பேசவிடு.

வேலையை இப்போதைக்கு விடாதே. ஒரு மாதத்துக்கான தொடரை வரைந்து கையில் வைத்துக்கொள், அதன் பிறகு பத்திரிகை ஆசிரியரைப் போய்ப் பார். அதில் தாத்தா ஒரு நாளாவது கோபப்படட்டும். இதுவரை அவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
மாமா