பழைய பிக்கப்பின் கபின் தாங்கி புஷ்களைக் கழற்றுதல்

மோட்டார் வாகனம் பற்றிய வினா என்றவுடன் மாணவர்களில் அநேகர் எஞ்சினைப் பற்றியே எழுதத் தொடங்கிவிடுகின்றனர். நான்கு அடிப்புகளையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்த மாணவரிடம், "பிக்கப்பின் கபின் எதன் மீது அமர்ந்திருக்கிறது?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. இப்பாடத்தில் அந்தச் சிறிய உறுப்பைப் படிப்போம். விசையின் திருப்பம், அமுக்கம், துருப்பிடித்தல், பல்பகுதியம் என விஞ்ஞானப் பாடத்தில் வெவ்வேறு அலகுகளில் படித்தவை யாவும் இந்த ஒரு வேலையில் ஒன்றுசேர்வதைக் காண்பீர்கள்.

கபின் தாங்கி என்றால் என்ன?

கார்களில் பெரும்பாலானவற்றுக்கு உடலும் அடிச்சட்டமும் ஒன்றே. பிக்கப், லொறி போன்றவற்றில் அப்படியல்ல. கீழே ஏணி வடிவில் உருக்கினாலான அடிச்சட்டம் இருக்கும்; கராஜில் இதனைச் செசி என்பர். எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சுகள் யாவும் இதனுடன் பொருத்தப்பட்டிருக்கும். சாரதி அமரும் கபினும் பின்னாலுள்ள சரக்குப் பெட்டியும் இதன் மேல் தனித்தனியே வைத்து முடுக்கப்பட்டவை. எமது நாட்டு வீதிகளில் நீண்டகாலம் ஓடிய 1980களின், 1990களின் ஜப்பானிய பிக்கப்புகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பைக் கொண்டவை.

கபினை நேரடியாகச் செசியின் மீது வைத்து முடுக்கினால் இரண்டு கெடுதிகள் உண்டாகும். முதலாவது, எஞ்சினின் அதிர்வும் வீதியின் குலுக்கமும் அப்படியே கபினுக்குள் வரும். இரண்டாவது, பள்ளத்தில் ஒரு சில்லு இறங்கும்போது செசி சற்று முறுக்கப்படும். அந்த முறுக்கம் மெல்லிய தகட்டாலான கபினுக்குச் சென்றால் கதவுச் சட்டமும் கண்ணாடியும் தாங்கா. ஆகவே இரண்டுக்குமிடையே இறப்பர் புஷ்கள் வைக்கப்படுகின்றன. வழமையாகக் கபினுக்கு நான்கு, முன்னால் ரேடியேற்றர் தாங்கிக்கு இரண்டு என இருக்கும். எண்ணிக்கை வாகனத்துக்கு வாகனம் மாறலாம்.

ஒரு தாங்கியைப் பிரித்துப் பார்த்தால் மேல் இறப்பர், கீழ் இறப்பர், அவற்றின் நடுவே ஓர் உருக்குக் குழாய், பெரிய வாசர்கள், நீண்ட போல்ட், நட் ஆகியன இருக்கும். கராஜில் போல்ட், நட் எனப்படுபவற்றைப் பாடநூலில் சுரையாணி, சுரை என்று காண்பீர்கள். விடையில் எதனை எழுதினாலும் தொடக்கம் முதல் முடிவுவரை ஒன்றையே எழுதுங்கள். நடுவிலுள்ள உருக்குக் குழாயை மாணவர் பலர் படத்தில் வரைய மறந்துவிடுவர். போல்ட்டை முடுக்கும்போது இறப்பர் அளவுக்கு மிஞ்சி நசுங்காமல் தடுப்பது அந்தக் குழாய்தான். குழாயின் நீளத்துக்கு மேல் இறப்பரை அமுக்க முடியாது. இக்குழாயைத் தவறவிட்டுப் பூட்டினால் புதிய புஷ்ஷும் சில மாதங்களில் பிதுங்கிக் கிழியும்.

இறப்பர் ஏன் பழுதடைகிறது?

1876ஆம் ஆண்டு கம்பஹா மாவட்டத்தின் ஹெனரத்கொடை பூங்காவில் நாட்டப்பட்ட கன்றுகளுடன் இலங்கையில் இறப்பர்ச் செய்கை ஆரம்பமானது. இயற்கை இறப்பர் ஐசொப்பிரீன் எனும் ஒருபகுதியத்தாலான பல்பகுதியம். பாலிலிருந்து பெறப்படும் இறப்பரை அப்படியே பயன்படுத்தினால் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகத்துடன் சேர்த்து வெப்பமேற்றும்போது நீண்ட சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் தோன்றுகின்றன. இதுவே வல்கனைசுப்படுத்தல், சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தது.

வல்கனைசுப்படுத்திய இறப்பரும் நிரந்தரமானதன்று. வளியிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் சங்கிலிகளைத் தாக்க, மேற்பரப்பில் வெடிப்புகள் தோன்றும். எஞ்சின் எண்ணெய் பட்டால் இயற்கை இறப்பர் ஊதி மென்மையாகும். நெடுங்காலம் ஒரே சுமையில் அமுங்கியிருப்பதால் தன் பழைய உயரத்துக்கு மீளும் ஆற்றலையும் இழக்கும். எனவே பழைய பிக்கப் ஒன்றில் பள்ளத்தில் விழும்போது "டக்" என்ற ஓசை, கபின் ஒரு பக்கம் தாழ்ந்திருத்தல், கபினுக்கும் சரக்குப் பெட்டிக்கும் இடையிலான இடைவெளி மேலே ஓர் அளவும் கீழே வேறோர் அளவுமாக இருத்தல், கதவு மூடக் கடினமாதல் ஆகியவற்றைக் கண்டால் புஷ்களைச் சந்தேகிக்கலாம். ஓசையைக் கேட்டதும் அதிர்வு தணிப்பான்களை மாற்றிப் பணத்தை வீணாக்குவோர் உண்டு. ஆகவே முதலில் குனிந்து பார்க்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன்

உண்மையில் இவ்வேலையின் பாதி இதுதான். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடுப்பை இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் வைக்க வேண்டும். பற்றரியின் மறை முனையைக் கழற்ற வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை எல்லா போல்ட்டுகளின் புரிகளிலும் முதல் நாளே இட்டு ஓரிரவு விடுவது நல்லது. அவசரப்பட்டு எண்ணெய் விட்ட பத்து நிமிடத்தில் ஸ்பனரைப் பிடித்தால் எண்ணெய் விட்டும் பயனில்லை.

அடுத்து, கபினைச் செசியுடன் இணைக்கும் ஏனையவற்றைத் தேட வேண்டும். கபின் போல்ட்டுகளால் மட்டும் பிணைக்கப்பட்டிருப்பதாக எண்ணுவது தவறு. ஸ்ரியரிங் தண்டு, தடுப்புக் குழாய்கள், கிளச் குழாய், ஆர்முடுக்கி வடம், கைத்தடுப்பு வடம், கியர் நெம்பு, மண்கம்பி, ரேடியேற்றர் குழாய்கள் யாவும் இரண்டுக்கும் நடுவே செல்கின்றன. கபின் சிறிது உயரும்போது எவை இழுபடும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இறுக்கமானவற்றைத் தளர்த்த வேண்டும். முன்பக்கத்தை உயர்த்தும்போது ரேடியேற்றருடன் அதன் விசிறிக் கவசமும் உயரும். எஞ்சினுடன் இணைந்த விசிறியோ அசையாது. கவசத்தைக் கழற்றாவிட்டால் விசிறியில் முட்டி உடையும்.

நான் பார்த்த ஒரு வேலைத்தலத்தில், பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் பின்பக்கத்தை நன்றாகவே உயர்த்தி, இறப்பரையும் அழகாக மாற்றிவிட்டார். செசியில் கிளிப்பினால் பிடிக்கப்பட்டிருந்த தடுப்புக் குழாயொன்று இழுபட்டு அதன் இணைப்பில் கீறல் விழுந்திருந்ததை எவரும் காணவில்லை. வாகனத்தை வெளியே எடுக்கையில் மிதி தரைவரை சென்றது. வாயிலில் ஆள் இல்லாதது அதிர்ஷ்டம். அன்றிலிருந்து, வேலை முடிந்ததும் எஞ்சினை இயக்கி, வாகனத்தை நகர்த்து முன் தடுப்பு மிதியை அழுத்திப் பார்க்கும்படி எந்த மாணவருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

கடைசியாக, கபின் செசியில் அமர்ந்துள்ள இடத்தைச் சோக்கினாலோ வண்ணத்தாலோ கோடிட்டுக் குறியுங்கள். மீண்டும் பூட்டும்போது கபின் ஒரு பக்கம் விலகியிருந்தால் அந்தக் கோடுதான் காட்டிக்கொடுக்கும்.

போல்ட்டைத் தளர்த்துதல்

துரு, இரும்பைவிடக் கூடிய கனவளவைப் பிடிக்கும். ஆகவே புரிகளுக்கிடையே தோன்றிய துரு போல்ட்டை ஆப்பைப்போல் இறுக்கிவிடுகிறது. 12 மி.மீ. போல்ட்டுகளின் தலைக்கு 17 அல்லது 19 மி.மீ. ஸ்பனர் பொருந்தும், ஆறு பக்கமும் பிடிக்கும் வளைய ஸ்பனரையோ சொக்கெற்றையோ பயன்படுத்த வேண்டும். திறந்த வாய் ஸ்பனர் வழுக்கினால் தலையின் மூலைகள் தேய்ந்துவிடும். பின்னர் பிடிப்பதற்கு ஒன்றுமிராது.

ஒரு போல்ட்டைத் தளர்த்த 150 நியூற்றன் மீற்றர் திருப்பம் தேவை எனக் கொள்வோம். 0.25 மீற்றர் நீள ஸ்பனர் எனின்,

விசை = 150 ÷ 0.25 = 600 நியூற்றன்

இது ஏறத்தாழ 60 கி.கி. திணிவின் நிறைக்குச் சமம். வாகனத்தின் அடியில் படுத்துக்கொண்டு ஒரு கையால் இவ்வளவு விசை கொடுக்க முடியாது. 0.6 மீற்றர் நீளக் கைப்பிடி எனின் 150 ÷ 0.6 = 250 நியூற்றன் போதும். எனினும் நெம்பை நீட்டிக்கொண்டே போனால் போல்ட் முறியும். சற்று இறுக்கி, சற்றுத் தளர்த்தி, முன்னும் பின்னுமாக அசைத்து, இடையிடையே எண்ணெய் விடுவதே அனுபவசாலிகளின் முறை.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. சில வாகனங்களில் போல்ட் கீழிருந்து மேலே சென்று, கபின் தரைக்குள் ஒரு தகட்டுக் கூட்டில் அடைக்கப்பட்ட நட்டில் பொருந்தும். துரு அந்தக் கூட்டைத் தின்றுவிட்டால், போல்ட்டுடன் நட்டும் சேர்ந்து சுழலும். எவ்வளவு சுழற்றினாலும் வெளியே வராது. அப்போது கபினுள் விரிப்பை அகற்றி, மேலிருந்து அந்த நட்டைப் பிடிக்க வழி உண்டா எனப் பார்க்க வேண்டும். இல்லையேல் தரைத் தகட்டில் சிறு சாளரம் வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

சுவாலையால் சூடாக்கலாமே என்று மாணவர் கேட்பதுண்டு. உலோகத்தைச் சூடாக்கினால் விரிந்து துரு விடும் என்பது சரியே. ஆனால் இங்கே உலோகத்தைச் சுற்றி இறப்பர் இருக்கிறது. அது தீப்பற்றி நச்சுப் புகை தரும். பக்கத்தில் எரிபொருட் குழாயும் செல்லும். ஆகவே இவ்விடத்தில் சுவாலை கூடாது. போல்ட் நடுக்குழாயுடன் ஒட்டிக்கொண்டால் கூரிய கத்தியால் இறப்பரை வெட்டி நீக்கி, தெரியும் குழாயையும் போல்ட்டையும் இரும்பறுக்கும் வாளால் அறுப்பதே பாதுகாப்பானது. கிரைண்டர் பிடித்தால் பொறி பறக்கும். அதற்கும் மேற்சொன்ன காரணமே தடை.

கபினை உயர்த்துதல்

ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை முற்றாகக் கழற்றி, மறுபக்கத்தவற்றைத் தளர்த்தி மட்டும் விட வேண்டும். அப்போது கபின் மறுபக்கத்தில் சாய்ந்து திறக்கும்; வழுக்கி விலகாது.

கபினின் திணிவு 360 கி.கி., தாங்கிகள் ஆறு, சுமை சமமாகப் பங்கிடப்படுகிறது எனக் கொண்டால், மொத்த நிறை 3600 நியூற்றன். ஒரு தாங்கிக்கு 600 நியூற்றன். ஒரு பக்கத்துக்கு 1800 நியூற்றன். இந்த 1800 நியூற்றனை 3 ச.மீ. × 3 ச.மீ. அளவான ஜக் தலையால் நேரடியாகக் கொடுத்தால் அமுக்கம் 1800 ÷ 9 = சதுர சென்ரிமீற்றருக்கு 200 நியூற்றன். மெல்லிய தரைத் தகடு குழிந்துவிடும். 15 ச.மீ. × 12 ச.மீ. மரக்கட்டையை இடையே வைத்தால் 1800 ÷ 180 = 10 நியூற்றன் மாத்திரமே. அப்போதும் கட்டையைத் தகட்டின் நடுவில் வைக்காமல், தாங்கிக்கு அருகேயுள்ள வலிவூட்டிய பகுதியில் வைக்க வேண்டும்.

மெல்ல மெல்ல, புஷ்ஷை வெளியே எடுக்கப் போதுமான அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். ஒவ்வொரு முறை உயர்த்தியதும் குழாய்களையும் வடங்களையும் பாருங்கள். உயர்த்தியதும் கபினுக்கும் செசிக்கும் இடையே மரக்கட்டைகளை வைக்க வேண்டும். ஜக் உயர்த்துவதற்கான கருவி, தாங்குவதற்கானது அன்று. எண்ணெய் கசிந்தால் இறங்கிவிடும். கட்டை வைக்கு முன்னர் அந்த இடைவெளிக்குள் விரலை நீட்டலாகாது. இறப்பரை நெம்புகோலால் அல்லது நீண்ட திருகாணி முடுக்கியால் வெளியே தள்ளுங்கள்; கையால் இழுக்காதீர்கள். 1800 நியூற்றன் என்பது நீங்கள் சற்று முன்னர் கணித்த எண். அது விரலின் மீது இறங்கினால் என்னவாகும் என்பதற்குக் கணிப்பு வேண்டியதில்லை.

ஒட்டியிருக்கும் பழைய இறப்பர் சவர்க்கார நீரால் இளகும். வெளியே எடுத்த ஒவ்வொன்றையும் எந்த இடத்துக்குரியது என எழுதி வைக்க வேண்டும். முன்புறத்தவையும் பின்புறத்தவையும் உயரத்தில் வேறுபடலாம். இருக்கையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உறுதியான உருக்கு கணீரென ஒலிக்கும். துரு தின்றது மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் புதிய புஷ் போடுவதில் பயனில்லை, முதலில் தாங்கியை ஒட்ட வேண்டும்.

பொலியூரதேனாலான புஷ்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவை எண்ணெயால் எளிதில் கெடா. ஆனால் இறப்பரைவிடக் கடினமாதலால் அதிர்வைக் கூடுதலாகக் கடத்தும். சொகுசை விரும்புபவருக்கு இறப்பரே ஏற்றது என்பது எனது அபிப்பிராயம்.

மாதிரி வினாக்கள்

1. கபின் தாங்கியின் நடுவேயுள்ள உருக்குக் குழாயின் தொழில் யாது?
2. இறுகிய போல்ட்டொன்றுக்கு 0.3 மீற்றர் ஸ்பனரின் முனையில் 400 நியூற்றன் விசை பிரயோகிக்கப்படுகிறது. திருப்பம் யாது? அதே திருப்பத்தை 200 நியூற்றன் விசையால் பெற ஸ்பனரின் நீளம் என்னவாக இருக்க வேண்டும்?
3. இப்போல்ட்டைச் சுவாலையால் சூடாக்குவது ஏன் பொருத்தமற்றது? காரணங்கள் இரண்டு தருக.
4. கபினின் முன்பக்கத்தை உயர்த்து முன் விசிறிக் கவசத்தைக் கழற்றுவது ஏன்?

விடைகள்

1. போல்ட்டை முடுக்கும்போது இறப்பர் அளவுக்கு அதிகமாக அமுங்காது தடுத்தல். "போல்ட்டைப் பாதுகாத்தல்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது.
2. 400 × 0.3 = 120 நியூற்றன் மீற்றர். நீளம் 120 ÷ 200 = 0.6 மீற்றர். அலகை எழுத மறவாதீர்கள்.
3. இறப்பர் தீப்பற்றி நச்சுப் புகை வெளிவரல்; அருகிலுள்ள எரிபொருட் குழாய் தீப்பற்றும் அபாயம்.
4. கவசம் ரேடியேற்றருடன் உயரும், விசிறி எஞ்சினுடன் இருந்த இடத்திலேயே இருக்கும். இதனால் இரண்டும் முட்டும்.