வளையத்தை எங்கிருந்து எறிவாய்?

அன்புள்ள தாயி,

பிளஸ் டூ முடித்து என்ன படிக்கப்போகிறாய் என்று அப்பா கேட்டதற்கு, "பக்கத்தில் எந்தக் காலேஜில் இடம் கிடைக்குதோ அதில்" என்றாயாம். மறுநாள் உன் சித்தியிடம், "கலெக்டர் ஆவேன்" என்றிருக்கிறாய். எனக்கு இரண்டிலும் ஒரே பயம்தான் கேட்கிறது.

ஜான் அட்கின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-இல் இந்தத் தோல்விப் பயத்தைப் பற்றி எழுதினார். பிறகு வளையம் எறியும் விளையாட்டை வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பது ஆடுபவர் இஷ்டம். வெற்றியில் நாட்டமுள்ளவர்கள் பெரும்பாலும் நடுத்தூரத்தில் நின்றார்கள். தோல்விக்கு அஞ்சியவர்களுக்கு அந்த இடம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கிட்டே நின்றால் தவறாது. எட்டாத தூரத்தில் நின்று தவறினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நடுவில் நின்று தவறினால்தான் முகம் தொங்கும்.

உனக்கு அந்த நடு இடம் வேளாண்மைப் படிப்பு. கோவிலாங்குளம் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்துவிட்டு வந்து குதிரைவாலியைப் பற்றி விடாமல் பேசினாயே! கட்-ஆஃப் கொஞ்சத்தில் தவறிவிடலாம், ஊருக்கும் தெரிந்துவிடும். அதனால்தானே இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை?

நம் திருச்சுழிப் பக்கக் காடுகளிலும் இதே பயம்தான். மழையை நம்ப முடியாமல் விதைக்காது போட்ட காடுகளில் சீமைக்கருவேல் ஏறிவிட்டது. கருவேல் பொய்க்காது, வெட்டி மூட்டம் போட்டால் கரிக்காசும் வரும். போட்டவர்களை நான் பழிக்கமாட்டேன், கடன் வாங்கி விதைத்து நொடித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் உன் அப்பாவைப் பார். மழைக்கு முன்பே புரட்டாசிப் புழுதியில் விதைக்கிறார். பயம் அவருக்கும் உண்டு. அதனால்தான் பருத்தியைக் குறைத்து, வறட்சி தாங்கும் குதிரைவாலியைக் கூட்டிக்கொள்கிறார். பயத்தோடு கலந்து பேசித்தான் விதைக்கிறார்.

நீயும் அப்படியே செய். வேளாண்மைக் கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போடு. அருப்புக்கோட்டையில் ஒரு காலேஜுக்கும் போட்டு வை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேளாண்மையிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் வந்தது. அதை உன் டீச்சரிடம் விசாரி. கலெக்டர் ஆசையை விட வேண்டாம். அந்தப் பரீட்சைக்கு ஏதாவது ஒரு டிகிரி வேண்டும், வேளாண்மை டிகிரியும் ஆகும்.

வேதியியலில்தான் மார்க் குறைகிறது என்றாய். அதற்கு இந்த மாதமே வழி பார்ப்போம். இடம் கிடைக்காமல் போனால் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் சித்தப்பா