முதல் சுற்று டென்னிஸும் நமது கல்லாப் பெட்டியும்

தமிழகத்தில் லாட்டரிச் சீட்டு 2003 ஜனவரியில் நிறுத்தப்பட்டபோது, பல கடைகளின் கல்லா பிழைத்தது என்று நாம் மகிழ்ந்தோம். இப்போது கைபேசி வழியாக வந்திருப்பது டென்னிஸ் பந்தயம். நம்மில் பலருக்கு அந்த ஆட்டத்தில் புள்ளி எண்ணவே தெரியாது. ஆனால் "இன்றைய முதல் சுற்றில் இன்னார் ஜெயிப்பது உறுதி" என்ற குறிப்பு கடைப் பிள்ளைகளின் கைபேசிக்கு வந்துவிடுகிறது. ஆகவே இதையும் கொள்முதல், விற்பனைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

முதல் சுற்றை ஏன் பிடிக்கிறார்கள்? விம்பிள்டன் போன்ற பெரிய போட்டியில் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுகிறார்கள். முதல் சுற்றிலேயே 64 ஆட்டங்கள். தரவரிசை பெற்ற 32 பேரும் முதல் இரண்டு சுற்றுகளில் ஒருவரோடொருவர் மோத மாட்டார்கள். பெரிய ஆட்டக்காரருக்கு எதிரே பெயர் தெரியாதவர் நிற்பார். பார்ப்பவருக்கு இது கையில் வந்த பணம் போலத் தோன்றும்.

இப்போது விலையைப் பார்ப்போம். பெரியவர் ஜெயித்தால் ரூபாய்க்கு 1.20, சின்னவர் ஜெயித்தால் 4.50 என்று புக்கி போட்டிருப்பதாகக் கொள்வோம். பெரியவர் மீது 8,333 ரூபாயும் சின்னவர் மீது 2,222 ரூபாயும் வந்தால் மொத்த வரவு 10,555. யார் ஜெயித்தாலும் அவன் கொடுப்பது ஏறக்குறைய 10,000. மீதி 555 ரூபாய் அவனுக்கு நிற்கிறது. மூட்டை தூக்கவில்லை, எடைக் குறைவு இல்லை, எலி கடிக்கவில்லை, கடன் நிற்கவில்லை. சர்க்கரை மூட்டையில் நமக்கு இந்த விழுக்காடு என்றைக்காவது நின்றதுண்டா?

பந்தயம் கட்டுபவர் பக்கம் வருவோம். 1,000 கட்டி ஜெயித்தால் 200 லாபம். ஒரு முறை தோற்றால் ஐந்து வெற்றியின் லாபமும் போய்விடும்.

இதைவிட மோசம் கோர்த்துக் கட்டுவது. 1.25 விலையுள்ள நான்கு ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டினால் 100 ரூபாய் 244 ஆகும் என்பார்கள். நான்கு பேருமே ஜெயிக்க வேண்டும் என்பதைச் சிறிய எழுத்தில் போடுவார்கள். ஒவ்வொருவரும் நூற்றுக்கு 76 தடவை ஜெயிப்பவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நால்வரும் சேர்ந்து ஜெயிப்பது நூற்றுக்கு 33 தடவைதான். தனித்தனியாகக் கட்டினால் நூற்றுக்கு 5 ரூபாய் நட்டம். கோர்த்தால் 18, 19 ரூபாய் நட்டம். குறிப்பு அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் கோர்க்கத்தான் சொல்கிறார்கள், கவனித்தீர்களா?

உறுதி என்பதும் உறுதியல்ல. 2003 விம்பிள்டனில் முந்தைய ஆண்டுச் சாம்பியன் ஹெவிட், தகுதிச் சுற்றிலிருந்து வந்த கார்லோவிச்சிடம் முதல் சுற்றிலேயே தோற்றார். 2013இல் அதே இடத்தில் நடால் முதல் சுற்றில் டார்சிஸிடம் தோற்றார். 1989இல் ஆஸ்திரேலியாவில், உலகின் முதல் இடத்திலிருந்த விலாண்டரை இரண்டாம் சுற்றில் வீழ்த்தியவர் நம் சென்னை ரமேஷ் கிருஷ்ணன். அன்று நமக்குப் பெருமை. விலாண்டர் மீது கட்டியவர்களுக்கு என்னவாகியிருக்கும்! 2024இல் அங்கேயே சுமித் நாகல் முதல் சுற்றில் பப்ளிக்கை வென்றார். தகுதிச் சுற்றிலிருந்து வருபவர் ஏற்கெனவே மூன்று ஆட்டம் ஆடிப் பழகியிருப்பார். பெரியவருக்கு அதுதான் முதல் ஆட்டம். இது விலைப் பட்டியலில் தெரியாது. பாதியில் கால் பிடித்து ஒருவர் விலகினால் பணம் திரும்புமா என்பதும் புக்கிக்குப் புக்கி மாறும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. தமிழக அரசின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்தது. ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டை நடத்துவோர்க்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம் என்று சட்டம் நிறைவேற்றியது. மிஞ்சியிருப்பது வெளிநாட்டுச் செயலிகளும் கள்ள வழியும். அங்கே யாரிடம் போய் முறையிடுவது?

நம்மிடம் பல ஆண்டுகளாகச் சரக்கெடுத்த ஒரு மளிகைக்காரர், பெயர் வேண்டாம், வாரப் பாக்கியைத் தவறாமல் தருபவர். திடீரென்று பாதியாகத் தரத் தொடங்கினார். விற்பனை குறையவில்லை, அலமாரிதான் காலியானது. கல்லாவில் சேரும் பத்தாயிரத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல் சரக்குக் கொடுத்தவனுடையது என்பதை அவர் மறந்திருந்தார். இப்போது ரொக்கத்துக்கு மட்டும் சரக்கு தருகிறோம், கடை திறந்திருக்கிறது.

இன்னொன்று, பந்தயமே கட்டாதவரையும் பிடிக்கும். "உங்கள் நடப்புக் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடுங்கள், நூற்றுக்கு இரண்டு தருகிறோம்" என்று ஆள் வருவார். அது சூதாட்டப் பணமாகவோ மோசடிப் பணமாகவோ இருக்கும். எங்கோ ஒருவர் புகார் கொடுத்தால் போலீசார் சொல்லி வங்கி உங்கள் கணக்கை முடக்கிவிடும். கடை கியூஆர் அட்டையை அடுத்தவர் வரவுக்குக் காட்டாதீர்கள். ஒருவேளை கணக்கு முடங்கினால், எந்த ஊர் சைபர் குற்றப் பிரிவு, புகார் எண் என்ன, எந்தத் தொகை என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொகைக்கு என்ன சரக்கு விற்றீர்கள் என்று பில் காட்ட வேண்டிவரும். பில் போடாமல் விற்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.