நில அதிர்ச்சியும் வீட்டு இன்ஷூரன்ஸும்

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் இரவு, புதுச்சேரிக்குக் கிழக்கே வங்கக் கடலில் 5.5 அளவுள்ள நில அதிர்ச்சி தோன்றிற்று. சென்னையிலும் அதன் அசைவு உணரப்பட்டது. மக்கள் அஞ்சி வீடுகளை விட்டு வெளியே வந்தனர். அதே ஆண்டு ஜனவரி 26-இல் குஜராத்தின் கட்ச் பகுதி கண்ட பேரழிவின் முன் இது மிகச் சிறியதே. எனினும், நம் பக்கம் பூமி அசையாது என்ற எண்ணம் அன்று தளர்ந்தது. 2002-இல் வெளியான இந்தியத் தர விதி, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மிதமான அபாயமுள்ள மூன்றாம் மண்டலத்திற்கு மாற்றியது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில், வாழ்நாள் சேமிப்போடு கடனும் சேர்த்து வீடு கட்டியோர் பலர். அவர்கள் அறிய வேண்டியவற்றை இங்குக் கூறுவோம்.

பாலிசி

2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருக ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறைக்கு வந்தது. தீ, புயல், வெள்ளம் ஆகியவற்றோடு நில அதிர்ச்சியும் இதில் அடங்கும். இன்ஷூர் செய்யும் தொகை, வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவாகும். 800 சதுர அடி வீட்டிற்குச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகுமெனில், தொகை 16 லட்சம். நிலத்தின் விலை இதில் சேராது. நிலம் இடிந்து போவதில்லை அன்றோ? வீட்டுச் சாமான்களுக்கு இதில் நூற்றுக்கு 20 பங்கு, 10 லட்சம் ரூபாய் வரை, தானே சேரும். வங்கிக் கடனில் கட்டிய வீடாயின், பாலிசி உள்ளதா என விசாரித்து, நகலைக் கேட்டுப் பெறுதல் அவசியம்.

பழைய விரிசலும் புதிய விரிசலும்

வழக்கு எழும் இடம் இதுவே. ஏரிகள் நிறைந்த நம் பகுதியில் களிமண் பூமி பலவிடங்களில் உண்டு. அம்மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவதால் சுவர்கள் விரிசல் காண்கின்றன. சாதாரண விரிசலுக்கும், புதுக் கட்டடம் மெல்ல இறங்குவதற்கும் பாலிசி பொறுப்பேற்பதில்லை. அதிர்ச்சிக்குப் பின் வீட்டுக்காரர் ஒரு விரிசலைக் காட்டினால், "இது முன்பே இருந்ததன்றோ?" என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு விடை, அதிர்ச்சிக்கு முன் எடுத்த படமே. ஆகவே ஆண்டுதோறும் ஒரு முறை, நான்கு புறச் சுவர்களையும் ஒவ்வோர் அறையையும் செல்போனில் படமெடுத்து, வெளியூரில் உள்ள மகனுக்கோ மகளுக்கோ ஒரு பிரதி அனுப்பி வைக்க வேண்டும். வரி ரசீது, பத்திர நகல், பாலிசி எண் ஆகியவற்றையும் அவ்வாறே காக்க வேண்டும்.

அதிர்ச்சிக்குப் பின்

முதலில் உயிரைக் காக்க வேண்டும். சாய்ந்த சுவருள்ள வீட்டினுள் நுழையலாகாது. பிறகு கம்பெனிக்கு உடனே அறிவித்து, கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்க. கோரிக்கைப் படிவத்தை, சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுத்தல் வேண்டும்.

நஷ்டத்தை மதிப்பிட சர்வேயர் வருவார். இவர் நிலம் அளப்பவர் அல்லர். சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்றவர். இவர் பார்க்கு முன் விரிசலைப் பூசி மறைப்பதும், இடிந்த ஓட்டையும் செங்கல்லையும் அள்ளிக் கொட்டுவதும் பெருந்தவறு. சேதம் மேலும் பெருகாதிருக்க முட்டுக் கொடுக்கலாம். கூரை மேல் தார்ப்பாய் போடலாம். அதற்கு முன் படமெடுத்து, செலவு ரசீதுகளை வைத்திருக்க வேண்டும். இடிபாடு அகற்றும் செலவும், வசிக்க இயலாத காலத்திற்கு வேற்றிட வாடகையும் பாலிசியின் வரம்புக்குட்பட்டுக் கோரத்தக்கவை.

2024-இல் வந்த விதிகளின்படி, அறிவித்த 24 மணி நேரத்திற்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். 15 நாட்களில் அவர் அறிக்கையும், அது கிடைத்த 7 நாட்களில் கம்பெனியின் முடிவும் வர வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று, முதலில் கம்பெனியிடமே முறையிடுக. ஒரு மாதத்தில் தீராவிடில், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகளை அவர் கட்டணமின்றி விசாரிப்பார்.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கிராம சபையில் இதனை எடுத்துரைக்க வேண்டும். வார்டுதோறும் படமெடுக்க இளைஞர்களை அமர்த்தினால், எழுதப் படிக்க அறியாதோர் வீடும் பதிவாகும். பூமி அசையும் நாளை எவரும் முன்னறிந்து கூற இயலாது. இன்று சுவர் எவ்வாறு நிற்கிறது என்பதைக் குறித்து வைப்பதோ நம் கையிலேயே உள்ளது.