கடல்நீர்த் தொட்டியில் தேவதை மீன்

வீட்டில் வண்ணமீன் வளர்ப்போர் நம் ஊர்களில் பலர் உளர். அவருட் சிலர், கடைகளில் 'ஏஞ்சல்' என்னும் பெயரால் விற்கப்படும் நீண்ட துடுப்புடைய மெல்லிய மீனைக் கடல்மீனென்றே எண்ணுகின்றனர். அது தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றிற்குரிய நன்னீர் மீன். ஈண்டுக் கூறப்புகும் தேவதை மீன் வேறு. அது பவளப் பாறைகளிடையே வாழ்வது. செவுள் மூடியின் கீழ்ப்புறத்தே வலிய முள்ளொன்று உடையது. மன்னார் வளைகுடாவிலும் இக்குடும்பத்து மீன்கள் சில உள.

இவற்றுள் எழில் மிக்கது பேரரசத் தேவதை மீன். இளமையில் அதன் கருநீல மேனியில் வெண்மையும் வெளிர்நீலமுமான வளையங்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருக்கும். முதிர்ந்தபின் அவை மறைந்து, மஞ்சளும் நீலமுமான நெடுங்கோடுகள் தோன்றும். இரண்டையும் அருகருகே காண்போர் ஓரினமென நம்பார். அறிஞரும் அங்ஙனமே மயங்கினர். 1787இல் பிளாக் என்னும் ஜெர்மானியர் முதிர்ந்த மீனுக்குப் பெயரிட்டார். 1801இல் வெளிவந்த நூலில் இளமீன் நிக்கோபார்த் தீவின் பெயரால் வேறோர் இனமாக எழுதப்பட்டது. முதிர்ந்த மீன் தன் எல்லைக்குள் தன்னை ஒத்தது புகுவதைப் பொறாது. ஆதலின் இளமீன் வேற்றுடை பூண்டு அதன் சினத்திற்குத் தப்புகிறது என்பர்.

சில ஆண்டுகட்கு முன் கானாடுகாத்தானில் எங்கள் இல்லத்து வளவில் 200 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியொன்றை அமைத்து, அன்றே இவ்வினத்து இளமீன் ஒன்றை விட்டேன். நீர் பளிங்குபோல் இருந்தது. எட்டாம் நாள் மீன் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தது. பத்தாம் நாள் இறந்தது. நோயென எண்ணினேன். அதனைக் கொன்றது என் அவசரம் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியிடுகிறது. எஞ்சிய இரை அழுகினும் அதுவே பிறக்கும். கடலில் அது அளவற்ற நீரிற் கரைந்துபோம். தொட்டியிலோ அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுதற்கு நுண்கிருமிகள் வேண்டும். இவற்றின் செயலை 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷிய அறிஞர் ஆராய்ந்து விளக்கினார். மணலிலும் கல்லிலும் இவை பெருகுதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுகாறும் மீன் விடாது, சிறிது அம்மோனியா மட்டும் சேர்த்துக் காத்திருத்தல் வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றனவெனச் சோதனையிற் கண்ட பின்னரே மீனை விடலாம். கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையதாதலின், அதில் அம்மோனியாவின் நச்சுத்தன்மை மிகும். நன்னீர் மீன் வளர்த்துப் பழகியோர் ஏமாறுவது இவ்விடத்தேதான்.

உப்பு என்றவுடன் சமையலறையை நோக்குவாரும் உளர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உள. அவற்றுள் முக்காற்பங்குக்குச் சற்று மேற்பட்டதே சோற்றுப்பு. தூத்துக்குடி உப்பளங்களில் நீர் வற்றும்போது சுண்ணாம்புப் பொருள்கள் முதலிற் படிகின்றன. பின் உப்பு விளைகிறது. மக்னீசியம் மிக்க கசப்பு நீர் இறுதியில் ஒதுக்கப்படுகிறது. எனவே சோற்றுப்பைக் கரைத்தால் உப்புநீர் கிட்டும்; கடல்நீர் கிட்டாது. கடல்மீன் தொட்டிக்கென விற்கப்படும் உப்புக் கலவையே நன்று.

நம் ஊர் வெயிலில் தொட்டிநீர் விரைவில் வற்றும். வற்றுவது நீரே, உப்பு தங்கிவிடும். அக்குறையைக் கடல்நீரால் நிரப்புவோர் நாள்தோறும் உப்பை ஏற்றுகின்றனர். நன்னீரே ஊற்றல் வேண்டும். அதற்குத் தூய மழைநீர் மிக ஏற்றது. ஓட்டுக்கூரை வழியே முற்றத்தில் விழும் மழையைச் சேமிக்கும் செட்டிநாட்டு இல்லங்கள் இவ்வகையில் பேறுடையன. முதல் மழையை மட்டும் கூரை அழுக்கோடு போகவிடல் வேண்டும். நம் வீடுகளின் பெருமையாகிய பித்தளை அண்டா இதற்கு ஆகாது. அதிலுள்ள செம்பு சிறிது கரையினும் தொட்டியில் வாழும் இறால், நத்தை முதலியன மடியும்.

நீரின் வெப்பம் 25 முதல் 28 பாகை வரை இருத்தல் நலம். சூடேறிய நீரில் பிராணவாயு குறையும். கடல்நீர் நன்னீரினும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவாகவே அதனைக் கொள்ளும். ஆதலின் கோடையில் நீரை ஓயாது அசைத்தல் இன்றியமையாதது. இரையாக இறால் சதையும் கடற்பாசியும் கொடுக்கலாம். கடலில் இம்மீன் பெரிதும் கடற்பஞ்சுகளை உண்பதாதலின், அவை சேர்ந்த உணவும் வேண்டும்.

இவையெல்லாம் செய்யினும் ஒன்று எஞ்சுகிறது. மூன்று விரலளவில் வாங்கும் இவ்விளமீன் 40 செ.மீ. வரை வளரும். அதற்கு 800 லிட்டர்த் தொட்டியும் பெரிதன்று. மேலும், கடைகளுக்கு வரும் பெருந்தேவதை மீன்களிற் பெரும்பாலன கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை. சில நாடுகளில் சயனைடு நஞ்சால் மயக்கிப் பிடித்தலும் உண்டு. அங்ஙனம் பிடிபட்ட மீன் சில வாரங்களில் மடிவதுண்டு, பவளமும் கெடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த நீர்ப்பரப்பும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே மீன் பிடித்தல் குற்றம். கோமாளி மீனையோ, மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிலையத்தார் தொட்டியிலேயே குஞ்சு பொரிப்பித்து வளர்க்கும் முறையைக் கண்டுள்ளனர்.

எங்கள் வளவுத் தொட்டியில் இப்பொழுது அத்தகைய கோமாளி மீன் இரண்டு உள்ளன. அவற்றை விடுமுன் ஏழு வாரம் வெறும் நீரையும் கல்லையும் பார்த்துக்கொண்டிருந்தேன், வீட்டார் நகைத்தனர்.